டபுள் பெடல்: அலங்காநல்லூர் வட்டாரத்து டிரம்மர்களுக்கு ஒரு திறந்த மடல்

அலங்காநல்லூர், பாலமேடு, வாடிப்பட்டி, சோழவந்தான் வட்டாரத்தில் மெல்லிசைக் குழுக்களிலும் தேவாலயங்களிலும் டிரம்ஸ் வாசிக்கும் அனைவருக்கும்,



டபுள் பெடல் என்பது ஒரே பேஸ் டிரம்மை இரண்டு காலாலும் அடிக்க வைக்கும் கருவி. வலது காலின் கீழ் இருப்பது முதன்மைப் பெடல். பேஸ் டிரம்மின் வளையத்தைக் கவ்வி நிற்பது அதுதான். டிரம்மை அடிக்கும் இரண்டு பீட்டர்களும் அதன் மேல்தான் இருக்கின்றன. இடது காலின் கீழ், ஹை-ஹாட் பெடலை ஒட்டி இருப்பது துணைப் பெடல். அதற்கென்று பீட்டர் கிடையாது. இடது கால் கொடுக்கும் மிதி ஓர் இணைப்புத் தண்டின் வழியே முதன்மைப் பெடலுக்குப் போய், அங்குள்ள இடப்பக்கத்துப் பீட்டரை அசைக்கிறது. வலது காலுக்கும் அதன் பீட்டருக்கும் நடுவே ஒரு செயின், ஓர் அச்சு, அவ்வளவுதான். இடது காலுக்கும் அதன் பீட்டருக்கும் நடுவேயோ செயின், அச்சு, ஒரு மூட்டு, நீட்டிக் குறுக்கும் தண்டு, இன்னொரு மூட்டு, இன்னோர் அச்சு என்று வழி நீள்கிறது. டபுள் பெடலில் வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை இந்த ஏற்றத்தாழ்விலிருந்து பிறப்பவை. சுற்றுவழியில் வரும் இடதுகால் அடியும் நேர்வழியில் வரும் வலதுகால் அடியும் கேட்பவர் காதில் ஒரே அடியாக விழச் செய்வதே பெடலைச் சீர்செய்வதன் முழு நோக்கம்.

இந்த மண்ணின் தாளக் கருவிகள் இதற்கு நேர் எதிரானவை. தவிலின் அழகே இரு முகங்களும் வேறு வேறாகப் பேசுவதில் இருக்கிறது: ஒரு பக்கம் கழி, மறு பக்கம் விரல்களில் மாட்டிய கூடு. உறுமியில் ஒரு முகம் அடி வாங்க, மறு முகம் வளைந்த குச்சியால் தேய்க்கப்பட்டு உறுமுகிறது. டபுள் பெடலில் அப்படி இரண்டு குரல் கேட்டால் அது பழுது.

பேஸ் டிரம்மைக் காலால் அடிக்கும் வழக்கத்தைப் பரவச் செய்தது, 1909-இல் சிகாகோவில் லட்விக் சகோதரர்கள் விற்கத் தொடங்கிய பெடல். இரண்டு காலுக்கும் வேலை கொடுத்த முன்னோடி லூயி பெல்சன். 1950-களின் தொடக்கத்தில் டியூக் எலிங்டனின் குழுவில் இரண்டு பேஸ் டிரம் வைத்து வாசித்தவர். 1960-களில் ராக் குழுக்களும் அதைப் பின்பற்றின. இரண்டாவது டிரம்மே வேண்டாம், ஒன்றிலேயே இரண்டு பீட்டர் போதும் என்ற ஏற்பாடு பெருவழக்கானது, அமெரிக்காவின் டிரம் வொர்க்‌ஷாப் நிறுவனம் 1983-இல் 5002 என்ற பெடலைக் கொண்டுவந்த பிறகு. கீபோர்டையும் ஸ்பீக்கர் பெட்டிகளையும் மேடை விளக்குகளையும் ஒரே சின்ன யானை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போகும் குழுவுக்கு இரண்டாவது பேஸ் டிரம் கட்டுப்படியாகாது. ஒரு பைக்குள் அடங்கும் பெடல் கட்டுப்படியாகும். கிராமத்து மேடைகளில் இன்று அது புழங்குவதற்கு முதற்காரணம் இதுதான்.

இடதும் வலதும் எவ்வளவு நெருக்கமாகப் பொருந்த வேண்டும் என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். நிமிடத்துக்கு 120 என்ற வேகத்தில் ஓடும் பாட்டில் ஒவ்வொரு தட்டையும் நான்காகப் பிரித்துக் காலால் நிரப்பினால் நொடிக்கு 8 அடி. ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே 125 மில்லி நொடி. இடது பீட்டர் ஒவ்வொரு முறையும் 20 மில்லி நொடி பிந்தி விழுந்தால் இடைவெளிகள் 145, 105, 145, 105 என்று மாறி மாறி வரும். எண்ணிச் சொல்லத் தெரியாத ரசிகருக்கும் அந்த நொண்டல் கேட்கும். குத்துப் பாட்டின் திஸ்ர நடையில் இது இன்னும் பளிச்சென்று தெரியும், ஏனென்றால் அங்கே அழுத்தம் வலதிலும் இடதிலும் மாறி மாறி விழுகிறது. பழி மட்டும் எப்போதும் இடது காலின் மேல். மாதக்கணக்கில் பயிற்சி செய்தும் தீராத நொண்டல், தண்டில் தளர்ந்துபோன ஒரு திருகை முடுக்கியதும் தீர்ந்துபோவது உண்டு.

பறை வாசிப்பவர் தீ மூட்டித் தோலைக் காய்ச்சாமல் அடி எடுத்துவைப்பதில்லை. தவில்காரர் வாரை இழுத்தோ, இப்போதைய தவிலில் நட்டை முடுக்கியோ, சுருதி பார்த்த பிறகுதான் உட்காருகிறார். அதே திடலில், அதே திருவிழாவில், பெடல் மட்டும் போன கச்சேரியில் கழற்றிப் பையில் போட்ட நிலையிலேயே மேடையேறுகிறது. இது நியாயமில்லை. பெடலும் வாத்தியத்தின் பகுதிதான். அதற்கும் பதம் பார்க்கும் நேரம் ஒதுக்கப்பட வேண்டும்.

சீர்செய்தல் சுத்தம் செய்வதிலிருந்து தொடங்குகிறது. அழுக்கேறிய பெடலில் ஸ்பிரிங்கை எவ்வளவு திருகினாலும் அது அழுக்கின் எதிர்ப்பை ஈடுகட்டத் திருகியதாகவே முடியும். மதுரைச் சமவெளியின் பருவங்கள் பெடலுக்கு இரக்கம் காட்டுவதில்லை. பங்குனி, சித்திரையில் வெட்டவெளி மேடையில் புழுதி பறக்கும். ஜல்லிக்கட்டுத் திடலில் பரப்பிய தென்னைநார்க் கழிவு காற்றில் எழுந்து எண்ணெய்ப் பசை உள்ள இடமெல்லாம் ஒட்டும். தை மாதத்து இரவுப் பனி ஸ்பிரிங்கின் சுருள்களுக்கு நடுவே தங்கித் துருவைத் தொடங்கிவைக்கும். செயினை விரல்களுக்கு நடுவே வைத்து உருட்டிப் பார்த்தால் கறுப்பாக ஒரு களிம்பு ஒட்டிக்கொள்ளும்: பழைய எண்ணெய், புழுதி, பீட்டரின் ஃபெல்ட் உதிர்த்த நார், மூன்றும் கலந்தது. நகக்கண்ணால் அழுத்தினால் மணல் நறநறக்கும். ஒவ்வொரு மிதியிலும் செயின் கண்ணிகளின் உள்ளே அரைபடுவது இதுதான்.

சுத்தம் செய்யப் பழைய பல்துலக்கும் பிரஷ், பருத்தித் துணி, சிறிது மண்ணெண்ணெய் போதும். செயினைக் கழற்ற முடிந்தால் கழற்றி ஊறவைத்து, பிரஷால் தேய்த்து, முற்றிலும் காய்ந்த பிறகே மாட்ட வேண்டும். கழற்ற முடியாத பெடலில் துணியை நனைத்துத் துடைக்கலாம். மண்ணெண்ணெய் பேரிங்குக்குள் இறங்கக் கூடாது. மிதிபலகையின் குதிகால் பக்கத்துக் கீல், முன்புறக் கவ்வியின் தாடை, அடித்தட்டின் அடிப்பகுதி ஆகியவை பலர் தொடாத இடங்கள். கீலில் மணல் சேர்ந்தால் பலகை மேலே எழும்போது ஒரு கணம் தயங்கும். அந்தத் தயக்கம் ஸ்பிரிங் தளர்ந்ததுபோலவே தோன்றும் என்பதால், தவறான இடத்தில் வைத்தியம் நடக்கும்.

சுத்தமான பெடலில் அடுத்துப் பார்க்க வேண்டியது ஆட்டம். டிரம்மிலிருந்து கழற்றிய பெடலை மேசை மேல் வைத்து, அச்சை இரு விரல்களால் பிடித்து மேலும் கீழும், முன்னும் பின்னும் அசைத்துப் பார்க்க வேண்டும். சுழற்சியைத் தவிர வேறு எந்த அசைவும் இருக்கக் கூடாது. பிறகு பீட்டரைப் பின்னுக்கு இழுத்து விட்டால் அது ஊஞ்சலாடி மெல்ல மெல்ல அடங்க வேண்டும். சட்டென்று நின்றால் பேரிங் இறுகியிருக்கிறது, அல்லது அச்சு வளைந்திருக்கிறது. வலது பீட்டரைவிட இடது பீட்டர் சீக்கிரம் அடங்குவது இயல்பு, அது தண்டையும் மூட்டுகளையும் சேர்த்து இழுக்கிறது. ஆனால் தண்டைக் கழற்றிய பிறகும் அப்படியே இருந்தால் குறை பேரிங்கில்தான்.

இனி மூட்டுகள். இந்த ஊர்க்காரர்களுக்கு இதைப் புரியவைக்கப் புத்தகம் தேவையில்லை. டிராக்டருக்கும் ரோட்டவேட்டருக்கும் நடுவே சுழலும் பி.டி.ஓ. ஷாஃப்டைப் பார்த்தவர்கள் டபுள் பெடலின் இணைப்புத் தண்டைப் பார்த்தவர்கள்தான். அங்கே உழவுக்கு, இங்கே தாளத்துக்கு. இரண்டிலும் இரு முனையிலும் சிலுவை வடிவக் கிராஸ், அதைப் பிடிக்கும் கவைகள், நடுவே ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து நீளும் குறுகும் தண்டு.

கிராஸ் மூட்டுக்கு ஒரு குணம் உண்டு. அது நேராக இருக்கும்வரை உள்ளே வரும் சுழற்சியை அப்படியே வெளியே தரும். வளைந்தால், சீரான சுழற்சி உள்ளே போனாலும் வெளியே ஏற்ற இறக்கத்தோடு வரும். வளைவு 10 டிகிரி என்றால் வெளிவேகம் ஒரு சுற்றுக்குள் 98.5 விழுக்காட்டுக்கும் 101.5 விழுக்காட்டுக்கும் நடுவே ஆடும். காலுக்கு அது தெரியாது. வளைவு 30 டிகிரி ஆனால் 87 விழுக்காட்டிலிருந்து 115 விழுக்காடு வரை ஆடும். பெடலின் அச்சு முழுச் சுற்றுச் சுற்றுவதில்லை, ஒரு வில்லளவே ஆடித் திரும்புகிறது என்றாலும், அந்த வில்லில் சுற்றின் எந்தப் பகுதி விழுகிறதோ அதைப் பொறுத்து இடது பெடல் மிதியின் தொடக்கத்தில் கனமாகவும் முடிவில் லேசாகவும், அல்லது தலைகீழாகவும் தோன்றும். வலது பெடலில் அந்த உணர்வு இருக்காது.

மருந்து இரண்டு. முதலாவது, வளைவைக் குறைப்பது: தண்டு முடிந்தவரை தரைக்கு இணையாகவும் நேராகவும் இருக்கும்படி துணைப் பெடலை நகர்த்துவது. இரண்டாவது, இரு முனை மூட்டுகளிலும் வளைவு ஏறத்தாழ சமமாக இருக்கும்படியும், நடுத்தண்டின் இரு முனைக் கவைகளும் ஒரே தளத்தில் இருக்கும்படியும் பார்த்துக்கொள்வது. அப்படி இருந்தால் முதல் மூட்டு உண்டாக்கும் ஏற்ற இறக்கத்தை இரண்டாவது மூட்டு ரத்துசெய்துவிடும். கவைகள் ஒன்றுக்கொன்று குறுக்காக நின்றால் ரத்தாவதற்குப் பதிலாகக் கூடிவிடும். ரோட்டவேட்டர் ஷாஃப்டைத் தப்பாகக் கோத்தால் அது குலுங்கித் தள்ளுவதும் இதனால்தான். அலங்காநல்லூர் டிராக்டர் பட்டறை எதிலும் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். சுத்தம் செய்யத் தண்டைப் பிரிக்கும் முன் இரு பாதிகளிலும் நகப்பூச்சால் ஒரு கோடு இழுத்துவைத்தால், திரும்பக் கோக்கும்போது கவை இடம் மாறாது.

மூட்டின் தேய்மானத்தைக் கண்டறிவதற்குக் கருவி தேவையில்லை. தண்டை மாட்டிய நிலையில், முதன்மைப் பெடலின் இடது பீட்டரை ஒருவர் அசையாமல் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் துணைப் பெடலின் பலகையை விரலால் லேசாக மேலும் கீழும் தட்டிப் பார்க்க வேண்டும். பலகை அசைகிறது, ஆனால் பீட்டரைப் பிடித்த கைக்கு ஒன்றும் தெரியவில்லை என்றால் அந்த வெற்று அசைவுதான் இடது காலின் தாமதம். அது எங்கே இருக்கிறது என்று அறிய, ஒவ்வொரு மூட்டையும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்துத் தண்டை முறுக்கிப் பார்க்க வேண்டும். தேய்ந்த மூட்டில் மெல்லிய 'டிக்' என்ற தட்டு விரல் நுனியில் படும். மூட்டில் இல்லையென்றால் தண்டு நீளும் இடத்தில் இருக்கும்: அங்குள்ள திருகு தளர்ந்திருக்கலாம், அல்லது ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் அழுந்தியதால் உள் தண்டில் பள்ளம் விழுந்திருக்கலாம். பள்ளத்துக்கு எளிய வழி உண்டு. துணைப் பெடலை ஒரு விரற்கடை தள்ளி வைத்து, தண்டின் தேயாத இடத்தில் திருகை முடுக்கினால் பல ஆண்டு ஓடும்.

பெடலை டிரம்மில் பொருத்துவதற்கும் ஒரு வரிசை இருக்கிறது. முதலில் இருக்கையின் உயரம் முடிவாக வேண்டும், ஏனென்றால் தொடையின் சாய்வு மாறினால் ஸ்பிரிங்கின் தேவையும் மாறும். தொடை தரைக்கு இணையாகவோ, முழங்கால் இடுப்பைவிடச் சற்றுத் தாழ்ந்தோ இருப்பது பெரும்பாலானவர்களுக்குப் பொருந்தும். வேறொருவரின் டிரம்ஸில் வாசிக்க நேரும்போது இருக்கையை மாற்றாமல் பெடலைக் குறைசொல்வது வீண் வேலை. அடுத்தது பேஸ் டிரம்மின் கால்கள். முன்புற வளையம் தரையிலிருந்து ஓர் அங்குலம் எழும்பினால் போதும். அதற்கு மேல் தூக்கினால் பின்புறம் சாய்ந்து, பெடலின் அடித்தட்டு தரையில் முழுதாகப் படியாது.

பிறகு கவ்வி. வளையத்தில் அது நேராகப் பிடிக்க வேண்டும். மர வளையமானால் நடுவே ஒரு ரப்பர் துண்டு வைப்பது நல்லது. ஒற்றைப் பெடலில் பீட்டர் டிரம்மின் நடுப்புள்ளியை நோக்கும்படி வைப்பார்கள். டபுள் பெடலில் அப்படிச் செய்தால் வலது பீட்டர் நடுவிலும் இடது பீட்டர் ஓரமாகவும் விழும், ஓசை இரண்டாகப் பிரியும். நடுப்புள்ளி இரண்டு பீட்டர்களுக்கும் இடையே வருமாறு முழுப் பெடலையும் வலப்பக்கம் நகர்த்த வேண்டும். 22 அங்குல டிரம்மில் நடுப்புள்ளி வளையத்தின் அடியிலிருந்து 11 அங்குல உயரத்தில் இருக்கும். இரண்டு பீட்டர் தலைகளும் அந்த உயரத்தில், அல்லது அதற்குச் சற்று மேலே பட வேண்டும். பீட்டரின் தண்டு நீண்டால் அடியில் கனம் கூடும், வேகம் குறையும், குட்டையானால் நேர்மாறு. எதைத் தேர்ந்தாலும் இரண்டும் ஒரே நீளமாக இருக்கட்டும். வாசிப்பவர் உட்காரும் முன் பக்கவாட்டில் குனிந்து பார்த்தால், ஓய்வு நிலையில் இரண்டு பீட்டர் தண்டுகளும் ஒன்றை ஒன்று மறைக்க வேண்டும். ஒன்று பின்னுக்கு, ஒன்று முன்னுக்கு இருந்தால் அடியின் தூரமே வேறாகிவிடும். அதன் மேல் எந்தச் சீரமைப்பும் நிற்காது. ஓய்வு நிலையின் கோணம் சுமார் 45 டிகிரியில் தொடங்கி, காலுக்கு ஏற்றவாறு கூட்டிக் குறைக்கலாம்.

ஸ்பிரிங்கைப் பொறுத்தவரை பொதுவழக்கம் வலது பெடலை முதலில் தனக்குப் பிடித்தபடி வைத்துக்கொண்டு, பிறகு இடதை அதற்கு இழுத்துவருவது. இதைத் தலைகீழாகச் செய்வதே சரி. இடது பெடல் எவ்வளவு முயன்றாலும் ஓர் எல்லைக்கு மேல் லேசாகாது, தண்டின் எடையும் மூட்டுகளின் உராய்வும் அதன் கூடவே இருக்கும். வலது பெடலோ எந்தப் பதத்துக்கும் வளைந்துகொடுக்கும். ஆகவே இடதை அதற்கு முடிந்த மிகச் சிறந்த நிலையில் நிறுத்திவிட்டு, வலதை அதற்குச் சமமாகக் கொண்டுவர வேண்டும். வலது கால் இதனால் இழப்பது சிறிது. இரு காலும் சேர்ந்து பெறுவது பெரிது. ஸ்பிரிங்கின் நட்டுகளை ஒரே அளவு திருகிவிட்டால் சமம் ஆகிவிடும் என்ற எண்ணம் தவறு. திருகின் அளவு எத்தனையானாலும், காலில் உணரும் எதிர்ப்பு சமமா என்பதுதான் கேள்வி.

இறுக்கத்தின் அளவைப் பாதத்தின் எடையை வைத்துப் பார்க்கலாம். காலைத் தளர்த்தி, பாதத்தைப் பலகை மேல் சும்மா வைத்தால் பலகை கொஞ்சம் தாழ வேண்டும், ஆனால் பீட்டர் டிரம்மின் ஹெட்டைத் தொடாமல் சற்றுத் தள்ளியே நிற்க வேண்டும். தொட்டுவிட்டால் ஸ்பிரிங் தளர்வு; வேகமான அடிகளில் பலகை காலைவிட்டுப் பிந்தும். அசையவே இல்லையென்றால் இறுக்கம் அதிகம். கச்சேரி நள்ளிரவை நெருங்கும்போது கெண்டைக்கால் கடுக்கும். குதிகாலைத் தூக்கி வாசிப்பவருக்கு இறுக்கம் கொஞ்சம் கூடுதலாகவும், குதிகாலை ஊன்றி வாசிப்பவருக்குக் குறைவாகவும் தேவைப்படும். ஒரு பக்கத்து ஸ்பிரிங் அறுந்தால் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பழையது களைத்திருக்கும், புதியது முறைப்பாக இருக்கும். இரண்டையும் ஜோடி சேர்த்தால் சமம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

எண்ணெய் விஷயத்தில் கெடுதல் பெரும்பாலும் மிகையால் வருகிறது. மூடிய பேரிங்குகளுக்கு எண்ணெய் தேவையே இல்லை. உள்ளே இருக்கும் கிரீஸ் அவற்றின் ஆயுளுக்குப் போதுமானது. துரு நீக்க டப்பாவிலிருந்து பீய்ச்சும் டபிள்யூ.டி. 40 போன்ற திரவங்கள் ஈரத்தை விரட்டவும் இறுகிய திருகை இளக்கவும் நல்லவை. ஆனால் அவை பேரிங்கில் இறங்கினால் அந்தக் கிரீஸைக் கரைத்துவிடும். ஒரு வாரம் பெடல் பறக்கும், பிறகு கிறீச்சிடும். செயினுக்குத் தையல் மெஷின் எண்ணெய் இரண்டு மூன்று சொட்டு விட்டு, பலகையைச் சிலமுறை மிதித்து உள்ளே இறங்கவிட்டு, வெளியே தெரியும் எண்ணெயை முழுவதுமாகத் துடைத்துவிட வேண்டும். புழுதி நிறைந்த இந்த மண்ணில் துடைப்பதுதான் எண்ணெய் விடுவதைவிட முக்கியம். தேங்காய் எண்ணெய் கூடவே கூடாது. நாளானால் பிசினாக இறுகி, தையில் உறைந்து, செயினைக் கட்டிப்போடும். ஸ்பிரிங்கின் மேல் கொக்கி அச்சோடு உரசும் இடத்தில் மட்டும் குண்டூசித் தலை அளவு கிரீஸ் வைத்தால் மைக்கில் ஏறும் கீச்சொலி நிற்கும். கிராஸ் மூட்டுகளில் ஊசி பேரிங் உள்ள வகைகளுக்கும் எண்ணெய் வேண்டாம். சாதாரண ஊசி மட்டும் உள்ள விலை குறைந்த வகைகளுக்கு ஒரு சொட்டு உதவும்.

திருகுகளில் இரண்டு இனம் உண்டு, இரண்டையும் வேறு வேறாக நடத்த வேண்டும். ஒருமுறை முடுக்கினால் ஆண்டுக்கணக்கில் தொடத் தேவையில்லாதவை ஓர் இனம்: பேரிங் உறையைப் பிடிப்பவை, பலகையின் கீலைப் பிடிப்பவை. இவற்றுக்கு நீல நிற லாக்டைட் ஒரு சொட்டு விடலாம். சிவப்பு நிறம் வேண்டாம், அதைப் பிரிக்கச் சூடுகாட்ட வேண்டிவரும். அடிக்கடி மாற்றுபவை இன்னோர் இனம்: பீட்டர், இணைப்புத் தண்டு, ஸ்பிரிங். இவற்றில் பசை தடவாமல், ஒவ்வொரு கச்சேரிக்கு முன்னும் டிரம் கீயால் தொட்டுப் பார்ப்பதே வழி. 'தொட்டுப் பார்ப்பது' என்றால் தொட்டுப் பார்ப்பது மட்டுமே. பலம் கொண்டமட்டும் முடுக்கினால் சதுரத் தலை உருண்டையாகிவிடும், மென்மையான வார்ப்புலோகத்தில் மரை பிய்ந்துவிடும். வண்டியின் குலுக்கலில் இடம் மாறினாலும், சரியான நிலைகளில் எல்லாம் மார்க்கர் பேனாவால் கோடு போட்டுவைத்தால், இருட்டு மேடையிலும் ஐந்து நிமிடத்தில் பழைய பதம் திரும்பும்.

பீட்டரில் ஃபெல்ட், பிளாஸ்டிக், மரம், ரப்பர் என்று வகைகள் இருந்தாலும் டபுள் பெடலுக்கு விதி ஒன்றே: இரண்டும் ஒரே வகை, ஒரே வயது. தட்டையான முகமுள்ள பீட்டர் சற்றுத் திரும்பிவிட்டால் முகத்துக்குப் பதிலாக விளிம்பு ஹெட்டில் பதிந்து பிறை வடிவத்தில் வெட்டும். ஹெட்டின் மேல் அப்படிப் பிறைத் தழும்பு தெரிந்தால் பீட்டரின் திருகைப் பார்க்க வேண்டும். இரண்டு பீட்டர்களுக்கும் சேர்த்து அகலமான ஒட்டுவில்லை ஹெட்டில் இருப்பது அவசியம். ஹெட் மிகவும் தளர்ந்திருந்தால் பீட்டர் எம்பித் திரும்பாது, கால்தான் அதைத் தூக்க வேண்டிவரும். பெடலின் குற்றம் என்று கருதப்படுவதில் ஒரு பங்கு உண்மையில் ஹெட்டின் தளர்வு. ஒற்றைப் பெடலில் அடித்த பீட்டரை ஹெட்டிலேயே அழுத்திவைக்கும் பழக்கம் உள்ளவர்கள் டபுள் பெடலில் அதை விட வேண்டும். ஒரு பீட்டர் அழுந்தி நிற்கும்போது மற்றது விழுந்தால் ஹெட் அதிராது, அந்த அடி செத்துப்போகும்.

எலெக்ட்ரானிக் டிரம்ஸ் வைத்திருக்கும் குழுக்களில் கிக் பேடு இரண்டு பீட்டர்களையும் ஏற்கும் அகலம் உள்ளதா என்று முதலில் பார்க்க வேண்டும். வலைத்துணி ஹெட்டில் ஃபெல்ட் பீட்டர் உராய்ந்து அதைப் பாழாக்கும். அங்கே பிளாஸ்டிக் அல்லது ரப்பர் முகமே ஏற்றது. வேகமாக அடிக்கையில் சில அடிகள் ஒலிக்காமல் போனால், ஓர் அடிக்குப் பின் சிறிது நேரத்துக்கு அடுத்ததை மறைக்கும் 'மாஸ்க்' அமைப்பைக் கருவியில் குறைத்துப் பார்ப்பதே முதல் வைத்தியம்.

மேடைத் தரை பெடலின் பாதி. திருவிழா மேடைகளில் பலகைக்கு மேல் ஜமுக்காளம் விரிப்பார்கள். ஜமுக்காளம் பலகை மேல் வழுக்கும், துணைப் பெடல் கூடவே இடப்பக்கம் நகரும். நகர நகரத் தண்டின் வளைவு கூடி, மேலே சொன்ன எல்லாக் குறைகளும் கச்சேரியின் நடுவே வந்து சேரும். அடியில் ரப்பர் உள்ள மிதியடி விரிப்பு ஒன்றைக் குழுவே சொந்தமாக வைத்திருந்து, இரண்டு பெடலும் இருக்கையும் அதன் மேலேயே நிற்கும்படி செய்தால் இந்தத் தொல்லை இராது. இருக்கையின் கால்கள் விரிப்பின் மேல் இருந்தால் வாசிப்பவரின் எடையே அதைப் பிடித்துக்கொள்ளும். பெடலின் அடியில் வெல்க்ரோ இருந்தால் அதில் அடைத்த நாரைச் சீப்பால் வாரி எடுக்க வேண்டும். நார் அடைத்த வெல்க்ரோ எதையும் பிடிக்காது. அடித்தட்டின் கூர்முனைத் திருகுகளைப் பலகையில் அரை மில்லிமீட்டர் பதியுமளவு மட்டும் இறக்கினால் போதும், அதிகம் இறக்கினால் பெடல் தூக்கிக்கொண்டு ஆடும்.

கச்சேரி முடிந்ததும் இணைப்புத் தண்டைக் கழற்றித் தனியாகத் துணியில் சுற்றிவைக்க வேண்டும். மாட்டியபடியே மடக்கிப் பையில் திணிப்பதுதான் மூட்டுகள் தேய்வதற்கும் தண்டு வளைவதற்கும் பெரிய காரணம். ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த பெடலைப் பையில் போட்டு மூடக் கூடாது. துடைத்து, ஒரு நாள் நிழலில் காயவைத்து, ஸ்பிரிங்கில் மெல்லிய எண்ணெய்த் துணியால் ஓர் இழு இழுத்துவிட்டால் துரு ஏறாது. பையில் கூடவே இருக்க வேண்டியவை: ஒரு ஜோடி ஸ்பிரிங், ஒரு பீட்டர், டிரம் கீ இரண்டு, அந்தப் பெடலுக்குப் பொருந்தும் அலன் கீகள், கவ்வியின் காதுத்திருகு ஒன்று, தண்டின் திருகுகளில் இரண்டு.

உதிரி பாகங்கள் எல்லாவற்றுக்கும் பெருநகரத்தை நம்பியிருக்க வேண்டியதில்லை. பேரிங்கின் பக்கவாட்டில் பொறித்திருக்கும் எண்ணைச் சொன்னால் மதுரையில் பேரிங் கடைகளிலேயே அதே அளவு கிடைக்கும். அச்சும் புஷ்ஷும் லேத் பட்டறையில் கடையக் கூடியவை; பழையதைக் கையோடு கொண்டுபோவதே நல்ல அளவு. ஸ்பிரிங்கை மட்டும் கிடைத்ததை வைத்து ஒப்பேற்றக் கூடாது, கம்பியின் கனம் சற்று மாறினாலும் இழுவிசை வெகுவாக மாறிவிடும். இணைப்புத் தண்டு தனியாகவும் விற்பனைக்கு வருகிறது. வாங்கும் முன் பழைய தண்டு பொருந்தும் அச்சு முனையின் வடிவத்தையும் விட்டத்தையும், பெடல்கள் நிற்கும் தூரத்துக்கு வேண்டிய குறைந்த நீளத்தையும் அதிக நீளத்தையும் அளந்து வைத்துக்கொள்ள வேண்டும். ஒரே நிறுவனத்தின் வெவ்வேறு மாடல்களுக்குள்ளேயே இந்த அளவுகள் மாறுவதுண்டு.

இப்படிக்கு,
சக டிரம்மர் ஒருவர்,
அலங்காநல்லூர்